ஆவணி லில்லியும் சித்திரை லில்லியும்

பூவைப் பார்த்து இன்னது என்று சொல்வதில் நான் தப்பு செய்ததே இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் கேட்காமலே சொல்வேன். சூரியநெல்லிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில், வருகிற விருந்தாளிகளைக் காலையில் ஒன்றரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுப் பூக்களைக் காட்டுவது என் வேலை. அதற்கு முன்பு பதினெட்டு வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தேன். முட்டி தேய்ந்து சரிவில் நிற்க முடியாமல் போனபோது விடுதிக்காரர் கூப்பிட்டார். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கண் நாள் முழுக்கச் செடி மேல்தான் இருக்கும். தேயிலைக்கு இடையில் எது முளைத்தாலும், எது எந்த மாசம் பூத்தாலும் எனக்குத் தெரியும்.

விருந்தாளிகள் போனைப் பூவுக்கு நேராகப் பிடிப்பார்கள். போன் மூன்று பெயர் சொல்லும், இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று. நான் ஒன்றே ஒன்று சொல்வேன். உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். பூ இல்லாத மாசத்தில் காய்ந்த குச்சியை ஒடித்துக் காட்டி, ஆடியில் வந்தால் இது ஊதாவாகப் பூத்திருக்கும் என்பேன். அதற்கு இன்னும் அதிகமாக வாயைப் பிளப்பார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது அப்படித்தான்.

நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, எதிர்ச் சரிவில் சுடுகாடு இருக்கிறது. பெயர்தான் சுடுகாடு. எரிப்பதில்லை, புதைப்போம். இடம் கம்பெனியுடையது என்பதால் கல் நடக்கூடாது, சிமெண்டு போடக்கூடாது. அதனால் குழியை மூடியதும் தலைமாட்டில் ஒரு செடி நட்டுவிட்டு வருவார்கள். ஒருவருக்குச் செம்பருத்திக் குச்சி, ஒருவருக்கு ரோஜாப் பதியம், ஒன்றும் கிடைக்காவிட்டால் ரோட்டோரத்திலிருந்து ஏதாவது ஒன்று. அந்தச் செடியை வைத்துத்தான் யார் எங்கே என்று அடையாளம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ரோட்டு வளைவு வரை பாடையின் பின்னால் போய், அங்கே அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வளைவில் நின்றால் எதிர்ச் சரிவு முக்கால்வாசி தெரியும். நடுவில் ஓடை.

அம்மா இறந்தது பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு மாசியில். பங்களாத் தோட்டத்தில் வேண்டாம் என்று பிடுங்கிப் போட்ட வெள்ளை லில்லிக் கிழங்குகளை அம்மா ஒரு காலத்தில் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நட்டிருந்தாள். வருஷம் தவறாமல் சித்திரையில் நீளக் குழல் மாதிரி பூக்கும். மாசியில் மண்ணுக்கு மேலே ஒன்றும் இருக்காது. நான் கரண்டியால் கிளறி மூன்று கிழங்கு எடுத்து அப்பாவின் துண்டில் முடிந்து கொடுத்தேன். சாயங்காலம் தலை முழுகிவிட்டு வந்து, “தலைமாட்டுல வச்சுட்டேன்” என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

அந்தச் சித்திரையில் வளைவில் போய் நின்றேன். எதிரே ஒரு வெள்ளையும் இல்லை. அடுத்த சித்திரையிலும் இல்லை. அதற்குள் பஞ்சாயத்து எங்கள் வாசலில் கான்கிரீட் போட்டு, மிச்சமிருந்த கிழங்குகளும் போய்விட்டன. அந்த வருஷம் ஆவணியில், பத்து நாள் பெய்த மழை விட்ட ஒரு காலையில், எதிர்ச் சரிவின் மேல்பக்கம் பெரிய பாறைக்குக் கீழே நான்கு வெள்ளைக் குழல்கள் நிற்பதைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா கிடைத்துவிட்டாள் என்று இருந்தது.

சித்திரையில் பூக்க வேண்டியது ஆவணியில் ஏன் பூக்கிறது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, பதிலும் நானே சொல்லிக்கொண்டேன். வாசலில் இருந்தது பாத்திரம் கழுவிய தண்ணீர் குடித்து வளர்ந்தது. சரிவில் இருப்பது மழையை நம்பி இருப்பது, மழை முடிந்தால்தான் பூக்கும். கேட்க நன்றாக இருந்ததால் விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு தடவை கண்ணாடி போட்ட ஒரு பெண், நீள லென்ஸ் வைத்த கேமராவில் அதைப் பார்த்துவிட்டு, “இது தோட்டத்து லில்லி இல்லங்க, இந்த மலைகள்ல தானா வளர்ற காட்டு லில்லி. இலை எவ்வளவு ஒல்லியா இருக்கு பாருங்க” என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. “அது எங்கம்மா” என்றேன். அவள் கேமராவை மூடிக்கொண்டாள்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அப்பா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் போனா ஒங்கம்மா பக்கத்துல போட்ருங்க. எடமெல்லாம் பாத்து வச்சிருக்கேன்.” நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று நான் கத்துவேன். கல்யாணம் முறிந்து அவரிடமே திரும்பி வந்தவள் நான். எனக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது, அதனால் அந்தப் பேச்சு பிடிக்காது. ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அதன் பிறகு அவர் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகைக் கடைசியில் இறந்தார். மழையும் பனிமூட்டமும் கலந்த நாள். குழி வெட்ட ஆள் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. இளவட்டங்கள் எல்லாம் திருப்பூரில். எங்கள் லயத்தில் எந்தச் சாவு என்றாலும் மண்வெட்டி எடுக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அப்பாவை மச்சான் என்பார், நான் அவரை மாமா என்பேன். அறுபத்தைந்து தாண்டியவர். அப்பாவைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

“தாயி, ஒங்கம்மா எங்கிட்டு இருக்கா? அன்னைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன், பாக்கல.”

அம்மாவைத் தூக்கிய நான்கு பேரில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேர் தேனிப் பக்கம் போய் வருஷமாகிவிட்டது. ஒருவர் போனில் கிடைத்தார். ஓடைக்குப் பக்கத்தில் என்றார், பிறகு இல்லை, மேலே என்றார்.

“எனக்குத் தெரியும் மாமா” என்றேன். “நான் காட்டுறேன்.”

அவரும் இன்னும் இரண்டு பேரும் ஓடையைத் தாண்டினார்கள். நான் குடையோடு வளைவில் நின்று போனில் வழி சொன்னேன். மூட்டம் விலகும்போது மூன்று உருவங்கள் தெரியும், பிறகு மறையும். “இன்னும் மேல, மாமா. பாறை தெரியுதா? பாறைக்குக் கீழ. இப்ப எடது கைப்பக்கம் பாருங்க, காஞ்ச தண்டு நிக்கும், இடுப்பு ஒசரம்.”

“நாலு நிக்குது.”

“நுனியில காய் இருக்கா? மூணு பிளவா வெடிச்சிருக்கும். உள்ள காகிதம் மாதிரி வெத.”

“ஆமா, இருக்கு.”

“அதான் அம்மா. அதுக்கு வலது பக்கம் வெட்டுங்க.”

அந்த நேரத்தில்கூட, அப்பா வீட்டில் கிடக்கும்போதுகூட, எனக்குள் ஒரு பெருமை ஓடியது. பூ இல்லாமல், இலை இல்லாமல், மழையில் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு காய்ந்த தண்டை வைத்து அடையாளம் சொல்ல வேறு யாரால் முடியும் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மாமா கூப்பிட்டார். நான் போனை எடுத்தேன். மூச்சுதான் கேட்டது.

“தாயி, இது ஒங்கம்மா இல்ல.”

“எப்படி மாமா?”

“ஓரம் சரிஞ்சு, அந்தத் தண்டுக்கு நேர் கீழ மூணடியில ஒரு தாயத்து வந்துச்சு. வெள்ளித் தாயத்து. வேற ஒண்ணும் இல்ல, மண்ணு கொஞ்சம் கறுப்பா இருக்கு, அவ்வளவுதான்.” மறுபடியும் மூச்சு. “நான் கட்டிவிட்ட தாயத்து. இது எம்புள்ள.”

அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததும், இரண்டு வயசில் காய்ச்சலில் போனதும் எனக்குக் கேள்விதான். முப்பத்திநாலு வருஷம் ஆகிறது. தலைமாட்டில் அவர் நட்ட செம்பருத்திக் குச்சி துளிர்க்காமலே காய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு இடம் தப்பிவிட்டது. எத்தனையோ பேருக்கு அந்தச் சரிவில் குழி வெட்டியவருக்குத் தன் பிள்ளை எங்கே என்று தெரியாது. அந்த மேட்டில் காட்டு லில்லி தானாக வந்து முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவரே மண்ணைத் தள்ளி மூடினாராம். கூட இருந்தவர்களைத் தொடவிடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். “மழ வலுக்குது. வேற எங்க வெட்டுனாலும் யார் மேல படுமோ தெரியல. இங்கன பக்கத்துல ஒரு ஆள் எடம் இருக்கு. மச்சான எம்புள்ள பக்கத்துல போட்டுறட்டுமா?”

சரி என்றேன். அம்மா பக்கத்தில் வைக்கிறேன் என்று அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை, கத்திக்கொண்டேதான் இருந்தேன். இருந்தாலும் வாக்குத் தவறிவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் அப்பாவைக் கொண்டுபோய் அங்கே புதைத்தார்கள்.

சாயங்காலம் மாமா ஈரத் தலையோடு வந்து, நான் கொடுத்த கட்டங்காப்பியைக் குடித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “முப்பத்திநாலு வருசம் தேடாமலே இருந்துட்டேன். நீ காட்டிக் குடுத்துட்ட” என்றார். அது நன்றியா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவின் லில்லி உயிரோடு இருந்தால் சித்திரையில்தான் தலை நீட்டும். அதுவரை அவளைக் கண்டுபிடிக்க வழியில்லை. மார்கழி முழுவதும் விருந்தாளிகளோடு நடந்தேன், ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. உண்ணிச்செடியைக் காட்டிப் பெயர் கேட்டால்கூட ஒரு கணம் யோசிப்பேன். தையில் பனி விழுந்து சரிவுப் புல் கருகியது. ரோட்டோரமெல்லாம் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடி வெள்ளையாகப் பூத்து, தூரத்திலிருந்து அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஏமாந்தேன். மாசியில் மேல்மலையில் காட்டுப்பூவரசு சிவந்தது. வழக்கமாக அதைப் பார்க்க விருந்தாளிகளை ஜீப்பில் கூட்டிப்போவேன், அந்த வருஷம் முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். பங்குனியில் எதிர்ச் சரிவின் உச்சியில் யாரோ புல்லுக்குத் தீ வைத்துவிட்டார்கள். தீ பாறை வரை இறங்கி அங்கே அணைந்தது. அணைகிற வரை வளைவிலேயே நின்றேன்.

சித்திரையில் இரண்டு மழை பெய்தது. பத்து நாள் பொறுத்து, ஒரு காலை எட்டு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் ஓடையைத் தாண்டினேன். பெண்கள் போகக்கூடாதுதான். என்னைத் தடுக்க அங்கே உயிரோடு ஆள் யாரும் இல்லை.

பாறைப் பக்கம் போகாமல் மற்ற இடமெல்லாம் தேடினேன். வளைவிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. சரிவு முதுகு மாதிரி புடைத்து அந்தப் பக்கம் இறங்குகிறது, அங்கே நாலைந்து கிராண்டிஸ் தைல மரம். அவற்றுக்குக் கீழே அம்மாவின் லில்லி பூத்திருந்தது. மூன்று கிழங்கு ஏழு தண்டாகப் பெருகியிருந்தது. இலை அகலம், மொட்டில் இளம்பச்சை, பூ தலையைச் சற்றுக் கவிழ்த்து நிற்கும் விதம், எல்லாம் வாசலில் இருந்தது அப்படியே. கிட்டே நின்று பார்த்தால் சின்னப் பிள்ளைகூட இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

லில்லிக்குப் பக்கத்தில், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, சுற்றிலும் கல் அடுக்கியிருந்தது. ஓடையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்த உருண்டைக் கற்கள். பாதி மண்ணில் இறங்கிப் பாசி பிடித்திருந்தன. பிறர் வெட்டிவிடக்கூடாது என்று அப்பா செய்த வேலி அது. உள்ளே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

ஒரு விஷயத்தை இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். பக்கவாதம் வந்த பிறகு இரண்டு ஆவணியில் அப்பாவைத் தோளில் தாங்கி வளைவு வரை கூட்டிப்போயிருக்கிறேன். எதிரே பாறைக்குக் கீழே கையைக் காட்டி, “அங்க பாருங்கப்பா, அம்மா பூத்திருக்கா” என்றேன். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கையைத் தூக்கி ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. அம்மாவை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். துடைத்துவிட்டேன். இரண்டாவது தடவை இன்னும் பலமாகக் கையை ஆட்டி, என் கையைப் பிடித்து இழுத்தார். மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று அதோடு கூட்டிப்போவதை நிறுத்திவிட்டேன். அது அழுகை இல்லை. இல்லை, இல்லை என்று சொல்லியிருக்கிறார். அங்கே இல்லை, அந்தப் பக்கம் என்று இழுத்திருக்கிறார். ஒரு காய்ந்த தண்டு என்ன சொல்கிறது என்று தெரிந்தவளுக்கு, பெற்ற அப்பா என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. கல்லுக்குள் வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவை எடுத்து அங்கே மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“பொதச்சத எடுக்கக் கூடாது தாயி. அங்கன எம்புள்ளைக்குத் தொணையா இருக்காரு. இருக்கட்டும், விடு.”

விட்டுவிட்டேன். ஆனியில் மழை பிடித்தது. மாமாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி, டிஸ்பென்சரிக்கு நடையாக நடந்து, மூன்றாம் வாரம் ஒரு விடிகாலையில் போய்விட்டார். குழி வெட்ட மறையூரிலிருந்து அவருடைய அக்கா மகன்கள் வந்தார்கள். எங்கே வெட்டுவது என்று அவர்கள் கேட்டபோது மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், அவர் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“புள்ள பக்கத்துலதான் போவேன்னு தெனமும் சொல்லிக்கிட்டிருந்தாரு. கார்த்திகையில புள்ளயக் கண்டதுல இருந்து அதே பேச்சு.”

என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஏழு மாசமும் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருந்தவர், என் வீட்டில் காப்பி குடித்தவர். போய்ப் பார்த்துவிட்டு வந்த அக்கா மகன்கள் அங்கே இடம் இல்லை என்றார்கள். குழந்தைக்கு மேலே பாறை, ஒரு பக்கம் ஓடைச் சரிவு, மறுபக்கம் அப்பா. அங்கே இருந்தது ஓர் ஆள் இடம்தான். அதைத்தான் அந்த மழை நாளில் அவர் எங்களுக்குக் கொடுத்திருந்தார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதுவே போதும். “எங்கம்மா பக்கத்துல ஒரு எடம் இருக்கு” என்றேன். “கல் வச்சு அடச்சது. எங்கப்பா வச்சது.” அக்கா மகன்களில் மூத்தவர், “எங்கன இருக்குன்னு சொல்லுங்கக்கா, நாங்க பாத்துக்கிடுறோம்” என்று போனை எடுத்தார். “போன்ல எல்லாம் வேணாம். நானே வரேன்” என்று எழுந்தேன். பெண் வரலாமா என்று வாசலில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்கள்.

லில்லி பூத்து முடிந்து, இலைகள் மழையில் சாய்ந்து கிடந்தன. கற்களை நானே ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டேன். பாதி மண்ணில் புதைந்தவை, விரல் விட்டுத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு அவர்கள் வெட்டினார்கள். மண் சுத்தமாக இருந்தது, வேறு யாரும் அங்கே இல்லை. மாமாவை இறக்கி மூடும் வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்தபோது அத்தை வளைவில் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள். “அடுத்த பொம்பள பக்கத்துல கொண்டுபோய் வச்சுட்டோமே” என்றாள். “ஒங்கம்மா கோவிச்சுக்க மாட்டாளே?”

“மாட்டா அத்த” என்றேன்.

எனக்கு என் அம்மாவைத் தெரியும். கோவித்துக்கொள்வாள்.